ஸ்பீக்கர் ஜாலி சத்தத்தை எங்கே கெடுக்கிறது, கெடுக்காதபடி எப்படிச் செய்வது: முழுமையான வழிகாட்டி

மேடையில் வைக்கும் டாப் பெட்டியின் (சப் ஊஃபரைத் தவிர்த்த முக்கிய ஸ்பீக்கர் பெட்டி) ஜாலியை, அதாவது முன்னால் மாட்டியிருக்கும் ஓட்டைத் தகட்டைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். பல பெட்டிகளில் ஜால்ராவின் ஓசை பளிச்சென்று முன்னுக்கு வரும், பாடகரின் 'ஸ' கூர்மையாகும். அதற்காக ஜாலி இல்லாமல் பெட்டியை நிகழ்ச்சிக்கு அனுப்ப முடியாது. வண்டியில் ஏற்றும்போதே ஸ்டாண்டின் கால் ஸ்பீக்கரின் கூம்பை, அதாவது கோனைக் கிழித்துவிடும். ஆகவே ஜாலி கட்டாயம் வேண்டும். அதைச் சரியான தகட்டில், சரியான இடைவெளியில், அதிராமல் பொருத்துவதுதான் வேலை. 15 அங்குல ஊஃபரும் (பேஸ் ஸ்பீக்கர்), ஹார்னில் (ஒலியை விரிக்கும் புனல்) பொருத்திய கம்ப்ரஷன் டிரைவரும் (ட்ரெபிளை எழுப்பும் ஸ்பீக்கர்) உள்ள பெட்டிக்கு ஜாலி செய்வதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். வீட்டு ஸ்பீக்கருக்கு மாறுவது என்ன என்பது கடைசியில் வருகிறது.

முதலில், என்ன நடக்கிறது

காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் பேஸின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர், 1 கிலோஹெர்ட்ஸுக்கு 34 சென்டிமீட்டர், 10 கிலோஹெர்ட்ஸுக்கு 3.4 சென்டிமீட்டர். ஓட்டை போட்ட தகடு பேஸைத் தடுப்பதே இல்லை. ஜாலியால் பேஸ் குறைந்தது என்று யாராவது சொன்னால், போர்ட்டின் (பெட்டிக்குள்ளிருந்து பேஸ் காற்று வெளிவரும் துளை) வாய் அடைபட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ட்ரெபிளில் நடப்பது வேறு. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு துளிக் காற்று இருக்கிறது. ஒலி கடந்துபோக அந்தக் காற்றை முன்னும் பின்னும் அசைத்தாக வேண்டும். மெதுவாக அசையும்போது சிரமமில்லை. விநாடிக்குப் பத்தாயிரம், பதினாறாயிரம் தடவை அசைக்க வேண்டி வரும்போது அந்தக் காற்றின் எடையே தடையாகிவிடும். தகடு தடிக்கத் தடிக்க அசைய வேண்டிய காற்று கூடுகிறது. திறப்பு குறையக் குறைய அதே ஒலி குறுகிய வழியில் வேகமாகப் போக வேண்டியிருக்கிறது. இரண்டுமே ட்ரெபிளைத் தின்னும்.

கடக்க முடியாத ஒலி திரும்பி வருகிறது. தகட்டில் பட்டு, பின்னால் ஸ்பீக்கர்கள் பொருத்தியிருக்கும் பலகையில் பட்டு, மறுபடி முன்னால் வரும்போது நேராக வந்த ஒலியோடு கலக்கிறது. சில அலைவரிசைகளில் கூடும், சிலவற்றில் குறையும். தகட்டுக்கும் பலகைக்கும் 25 மி.மீ. இடைவெளி இருந்தால் இந்த மேடுபள்ளம் 7 கிலோஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்கும். இடைவெளி 10 மி.மீ. என்றால் 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும்.

மூன்றாவது, ஓரம். பலகையை உள்ளே தள்ளி வைத்து ஜாலிக்கு இடம் விடும்போது சுற்றிலும் பிளைவுட் விளிம்பு சுவர்போல நிற்கும். ஹார்னிலிருந்து பக்கவாட்டில் விரியும் ஒலி அந்தச் சுவரில் பட்டுச் சிதறுகிறது. நான்காவது, தகடே அதிர்ந்து எழுப்பும் 'ஜிர்ர்' சத்தம். கேட்பவரை அதிகம் எரிச்சலூட்டுவது இந்த நான்காவதுதான்.

ட்ரெபிள் சீராக 1 அல்லது 2 டெசிபல் குறைந்தால் ஈக்வலைசரில் ஏற்றிவிடலாம். 3 டெசிபல் ஏற்றினால் அந்த அலைவரிசையில் கம்ப்ரஷன் டிரைவருக்குப் போகும் பவர் இரட்டிப்பாகும் என்பதை மறக்கக் கூடாது. திரும்பி வரும் ஒலியால் உண்டாகும் பள்ளத்தையும் தகட்டின் அதிர்வையும் எந்த டிஎஸ்பியாலும் (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் கருவி) சரிசெய்ய முடியாது. கவனமும் பணமும் முதலில் போக வேண்டியது இந்த இரண்டிலும்தான்.

படி 1: இருக்கும் ஜாலி உண்மையிலேயே குற்றவாளியா?

புதுத் தகடு வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். பெட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசைகளும் கலந்த சோதனை இரைச்சல்) போட்டு, மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒருவர் ஜாலியைக் கையால் முன்னால் பிடித்துப் பிடித்து எடுக்கட்டும். 'ஸ்ஸ்' என்ற மேல்பகுதி மங்கித் தெளிந்தால் தகட்டின் திறப்பு போதவில்லை. மங்காமல் நிறம் மாறுவதுபோல, குழாய்க்குள் பேசுவதுபோலக் கேட்டால் இடைவெளியும் ஓரமும் காரணம். எந்த மாற்றமும் தெரியாவிட்டால் தகட்டை விட்டுவிடுங்கள், பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பல நேரம் தகட்டின் பின்னால் ஒட்டிய ஃபோம் தூசி பிடித்து அடைத்திருக்கும். ஃபோமை மட்டும் உரித்து எடுத்துவிட்டு மறுபடி கேட்டால் தெரிந்துவிடும்.

படி 2: எவ்வளவு இடைவெளி வேண்டும்

ஊஃபரின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, சரவுண்டோ (கோனைச் சுற்றியுள்ள நெகிழும் விளிம்பு) டஸ்ட் கேப்போ (கோனின் நடு மூடி) பலகையின் மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே வருகிறது என்று அளந்து பாருங்கள். அதோடு கோன் ஒரு பக்கம் போகக்கூடிய அதிகபட்சத் தூரத்தைக் கூட்டுங்கள். டிரைவரின் டேட்டா ஷீட்டில் எக்ஸ்மாக்ஸ் என்று போட்டிருப்பது கோன் ஒழுங்காக ஓடும் எல்லை. முரட்டுத்தனமாக ஓட்டும்போது கோன் அதையும் தாண்டும். ஆகவே எக்ஸ்மாக்ஸை இரண்டால் பெருக்கி எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. அதற்கு மேல் இன்னொரு 5 மி.மீ., தகடு வளைவதற்காக.

ஒரு எடுத்துக்காட்டு: சரவுண்ட் பலகைக்கு மேல் 8 மி.மீ., எக்ஸ்மாக்ஸ் 6 மி.மீ. அப்படியானால் 8 + 12 + 5 = 25 மி.மீ. சப் ஊஃபர் என்றால் இந்தக் கணக்கு எளிதாக 35 மி.மீ.ஐத் தாண்டும். இடம் போதாமல் சரவுண்ட் தகட்டில் அடித்தால் 'டப் டப்' என்று கேட்கும். வாய்ஸ் காயில் அடிபடும் சத்தம் போலவே இருப்பதால் டிரைவர் போய்விட்டது என்று ஏமாந்து ரீகோன் செய்தவர்கள் (கோனையும் காயிலையும் மாற்றியவர்கள்) உண்டு. ஜாலியைக் கழற்றி அதே பாட்டை அதே அளவில் ஓட்டினால் சத்தம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊஃபருக்கு 25 மி.மீ. வேண்டும் என்பதால் ஹார்னுக்கும் அதே இடைவெளி வர வேண்டியதில்லை. ஹார்னின் விளிம்பை ஒரு பிளைவுட் சட்டத்தால் முன்னுக்குக் கொண்டுவந்து தகட்டுக்கு 8 முதல் 10 மி.மீ. பின்னால் நிறுத்தினால், மேடுபள்ளமும் குறையும், பக்கச் சுவரின் தொல்லையும் குறையும். கூடுதல் செலவு ஒரு பிளைவுட் துண்டுதான்.

படி 3: தகட்டைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் 'ஸ்பீக்கர் ஜாலி' என்று கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள். கேட்க வேண்டியவை மூன்று: ஓட்டையின் விட்டம், ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடு வரை உள்ள பிட்ச், தகட்டின் தடிப்பு. முதல் இரண்டை வைத்துத் திறப்புச் சதவீதத்தை நீங்களே கணக்கிடலாம்.

வட்ட ஓட்டைகள் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி, 60 டிகிரி முக்கோணமாக அமைந்திருந்தால்: ஓட்டையின் விட்டத்தைப் பிட்ச்சால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, 90.7ஆல் பெருக்குங்கள். நேர்வரிசையாக இருந்தால் 90.7க்குப் பதில் 78.5. அறுகோண ஓட்டைக்கு எதிரெதிர்ப் பக்கங்களின் அகலத்தை எடுத்துக்கொண்டு 100ஆல் பெருக்குங்கள்.

5 மி.மீ. ஓட்டை, 8 மி.மீ. பிட்ச் என்றால் 35 சதவீதம். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது இந்த வகை, மேடைப் பெட்டிக்கு இது போதாது. 3 மி.மீ. ஓட்டை, 5 மி.மீ. பிட்ச் பார்க்க அழகாக இருக்கும், திறப்பு 33 சதவீதம்தான். 5க்கு 7 என்றால் 46, 6க்கு 8 என்றால் 51. 5க்கு 6 என்றால் 63. அறுகோணத்தில் 6 மி.மீ. ஓட்டை, 6.7 மி.மீ. பிட்ச் என்றால் 80 சதவீதம்.

1.2 மி.மீ. தகடு, ஒலி நேராக வருகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், 35 சதவீதத் தகடு 16 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 3 டெசிபல் குறைக்கும், 10 கிலோஹெர்ட்ஸில் ஒன்றேகால் டெசிபலை ஒட்டி. 51 சதவீதத் தகட்டில் 16 கிலோஹெர்ட்ஸில் 1 டெசிபல். 63க்கு மேல் போனால் அரை டெசிபலுக்கும் கீழே. அதாவது 35லிருந்து 50க்கு ஏறுவதில் கிடைக்கும் பலன் பெரிது, 63லிருந்து 80க்கு ஏறுவதில் காதுக்குக் கிடைப்பது சொற்பம். ஆனால் 80 சதவீதத் தகட்டில் இரும்பே மிச்சமிருக்காது, முழங்கை பட்டால் உள்ளே போய்விடும். வாடகைக்குப் போகும் பெட்டிக்கு 50 முதல் 60 சதவீதம் வரை என்பதே எங்கள் தீர்ப்பு. நிரந்தரமாக ஒரே இடத்தில் தொங்கும் பெட்டிக்கு அறுகோணத்தைத் தயங்காமல் போடலாம்.

தடிப்பு: 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ. 15 அங்குலப் பெட்டிக்கு 18 கேஜ் தகட்டை மடித்து வளைத்தால் போதும். பலத்துக்காக 16க்குப் போகிறவர்கள் திறப்பையும் கூடக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ட்ரெபிளில் கை வைத்துவிடும். ஹார்ன் 90 டிகிரி விரிக்கிறது என்றால் ஓரத்து ஒலி தகட்டைச் சாய்வாகக் கடக்கிறது. தடித்த தகட்டில் சிறிய ஓட்டை இருந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே இழப்பு கூடும்.

கடலோர ஊர்களில் சாதாரண இரும்புத் தகடு இரண்டு மழைக்குப் பின் துருப்பிடிக்கத் தொடங்கும். அங்கே 1.5 முதல் 2 மி.மீ. அலுமினியம் அல்லது 304 ஸ்டெயின்லெஸ் நல்லது. கம்பி வலை வாங்குவதானால் குறுக்குக் கம்பிகள் பற்றவைத்ததாக இருக்க வேண்டும். வெறுமனே பின்னிய வலையில் ஒவ்வொரு சந்திப்பும் உரசி ஒலி எழுப்பும்.

படி 4: வெட்டு, மடிப்பு, வளைவு

நான்கு பக்கமும் 15 முதல் 20 மி.மீ. வரை 90 டிகிரி மடிக்கச் சொல்லுங்கள். மடிப்பு ஓட்டை வரிசையின் மேலேயே விழுந்தால் விளிம்பு அலையலையாக வரும். முடிந்தால் ஓரத்தில் ஓட்டை இல்லாத தகடாக வாங்குங்கள், முடியாவிட்டால் மடிப்புக் கோட்டை இரண்டு வரிசைகளுக்கு நடுவில் போடச் சொல்லுங்கள்.

தட்டையான பெரிய தகடு பேஸுக்கு ஆடும். நடுவில் 10 முதல் 15 மி.மீ. முன்னுக்கு வரும்படி மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய வளைவோ மடிப்போ கொடுத்தால் விறைப்பு பல மடங்கு கூடும், ஊஃபருக்கு இடமும் கிடைக்கும். பெரிய கம்பெனிகளின் பெட்டிகளில் ஜாலி முன்னுக்குப் புடைத்திருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

ஓட்டை குத்தும்போது ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பிசிறாகவும் இருக்கும். விரலால் தடவினால் தெரியும். வழவழப்பான பக்கம் வெளியே வரட்டும். பிசிறைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், பிசிறின் மேல் பெயின்ட் நிற்காது, துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

படி 5: பவுடர் கோட்டிங்

பவுடர் ஒரு பரப்பில் 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். 100 மைக்ரான் ஏறினால் 5 மி.மீ. ஓட்டை 4.8 ஆகும், திறப்பு 8 சதவீதம் சுருங்கும். அதே கோட்டிங் 2 மி.மீ. ஓட்டையை 1.8 ஆக்கி, திறப்பில் 19 சதவீதத்தை விழுங்கிவிடும். 33 சதவீதத் தகடு 27 ஆகிவிடுகிறது. சிறிய ஓட்டைத் தகட்டை நாங்கள் தவிர்ப்பதற்கு இது இன்னொரு காரணம். பெயின்ட் அடித்துப் பழையதாகி மறுபடி மறுபடி அடித்த ஜாலியில் சத்தம் மங்கியிருந்தால் ஆச்சரியமில்லை. மேல் பூச்சு அடிக்காமல் பழையதை உரித்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். வாங்கி வந்ததும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அடைபட்ட ஓட்டைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள்.

படி 6: ஃபோம்

தகட்டின் பின்னால் ஒட்டும் ஃபோம் தூசியையும் தூறலையும் தடுக்கும், தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஓடும் எதிரொலியையும் கொஞ்சம் அடக்கும். வேண்டியது அங்குலத்துக்கு 20 முதல் 30 துளை உள்ள, திறந்த துளை ஃபோம், 5 முதல் 10 மி.மீ. தடிப்பு. மெத்தைக் கடை ஃபோம் வேண்டவே வேண்டாம். வாயருகே வைத்து ஊதினால் மறுபக்கம் உள்ளங்கையில் காற்று தாராளமாகப் பட வேண்டும், பட்டால் சரியான ஃபோம்.

ஒட்டுவதற்கு ஸ்ப்ரே பசையைத் தகட்டின் மேல் லேசாகத் தூவுங்கள், ஃபோமின் மேல் அடிக்காதீர்கள். ரப்பர் பசையைப் பிரஷால் பூசினால் ஓட்டையும் அடையும், ஃபோமும் அடையும். நம்முடைய ஈரக்காற்றில் பாலியூரித்தேன் ஃபோம் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரும். உதிரும் தூள் ஹார்னின் தொண்டைக்குள் போகும் முன் மாற்றிவிட வேண்டும்.

படி 7: பொருத்துதல்

தகடு மரத்தை எங்கும் நேரடியாகத் தொடக் கூடாது. மடித்த விளிம்பு உட்காரும் இடமெல்லாம் 3 முதல் 5 மி.மீ. நியோப்ரீன் அல்லது ஈவிஏ டேப் ஒட்டுங்கள். ஸ்க்ரூ முறுக்கும்போது டேப் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். முழுக்க நசுங்கினால் அது கல்போல ஆகி அதிர்வைக் கடத்தும். ஸ்க்ரூக்களுக்கு இடையே 150 மி.மீ.க்கு மேல் விடாதீர்கள். 660 க்கு 430 மி.மீ. ஜாலிக்கு நீளப் பக்கத்தில் ஐந்தைந்தும் குறுகிய பக்கத்தில் நடுவே இரண்டிரண்டுமாக 14 வரும். பிளைவுட்டில் மர ஸ்க்ரூ நாலைந்து தடவை கழற்றியதும் பிடி விட்டுவிடும். பின்னால் டி-நட் (மரத்தில் பதிக்கும் பற்கள் உள்ள நட்) அடித்து, நைலான் வாஷரோடு 6 மி.மீ. போல்ட் போடுவதே நீடிக்கும்.

தகட்டின் நடுப்பகுதி இன்னும் ஆடினால், ஊஃபருக்கும் ஹார்னுக்கும் இடையே உள்ள பலகையில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் தலையில் ரப்பர் ஒட்டி, தகடு லேசாக அழுந்தும்படி செய்யுங்கள். பக்கச் சுவர்களின் உட்புறம் ஹார்ன் உயரத்துக்கு 3 மி.மீ. கம்பளி ஃபெல்ட் ஒட்டினால் ஓரத்துச் சிதறல் குறையும்.

போர்ட் வாயைத் தகடு மூடுவதில்தான் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். 50 சதவீதத் தகடு போர்ட்டை ஒட்டி இருந்தால் அதன் வழியே காற்று இரண்டு மடங்கு வேகத்தில் போக வேண்டும். போர்ட்டில் காற்று வேகம் விநாடிக்கு 17 மீட்டருக்குள் இருக்கட்டும் என்பது பொதுவான விதி. தகட்டில் அது 34 ஆகி 'புஸ் புஸ்' என்று மூச்சு விடும். போர்ட்டுக்கு முன் 25 மி.மீ.க்குக் குறையாமல் இடம் விடுங்கள், அங்கே ஃபோமை வெட்டி எடுத்துவிடுங்கள். எலி போகாமலிருக்க, 10 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையைப் போர்ட்டின் உள்பக்க வாய்க்குச் சற்றுத் தள்ளிக் கட்டலாம்.

படி 8: அதிர்வுச் சோதனை

சைன் அலையை 40 ஹெர்ட்ஸிலிருந்து 400 வரை மெதுவாக, ஒரு நிமிடம் எடுத்து நகர்த்துங்கள். 8 ஓம் பெட்டிக்கு 2.83 வோல்ட் என்றால் 1 வாட். அங்கே தொடங்கி 9 வோல்ட் வரை, அதாவது 10 வாட் வரை ஏற்றுங்கள். போர்ட் ட்யூனிங்குக்குக் (போர்ட் வேலை செய்யும்படி அமைத்த அலைவரிசை) கீழே உரக்க ஓட்டாதீர்கள், கோன் கட்டுப்பாடில்லாமல் ஓடும். 'ஜிர்ர்' வந்த அலைவரிசையில் நிறுத்திவிட்டு, விரல் நுனியால் தகட்டின் ஒவ்வொரு பகுதியையும் அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது நிற்கிறதோ அங்கே டேப் குறைவு அல்லது ஸ்க்ரூ தளர்வு. எங்கே அழுத்தியும் நிற்காவிட்டால் தகட்டை விட்டு, பெயர்ப் பட்டை, கைப்பிடி, பின்பக்க ஜாக் தட்டு, உள்ளே பலகையில் தட்டும் ஒயர் என்று போங்கள். பெயர்ப் பட்டையில்தான் பெரும்பாலும் பிடிபடும்.

படி 9: அளந்து பார்த்தல்

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் யூமிக்-1 போன்ற யூஎஸ்பி அளவு மைக்கும் போதும். பெட்டியின் ஹார்னையும் மைக்கையும் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில், சுவர்களை விட்டுத் தள்ளி வையுங்கள். தரையில் பட்டு வரும் ஒலி நான்கரை மில்லிவிநாடி கழித்துத்தான் வரும். ஆகவே மென்பொருளில் 4 மில்லிவிநாடிக்குப் பிறகு வந்த ஒலியை வெட்டினால் தரையின் கலப்பு இல்லாமல் 250 ஹெர்ட்ஸுக்கு மேலே நம்பலாம். ஜாலி இல்லாமல் ஒரு ஸ்வீப் (கீழிருந்து மேல் வரை ஓடும் சோதனை ஒலி), மைக்கையும் பெட்டியையும் துளியும் நகர்த்தாமல் ஜாலியோடு ஒரு ஸ்வீப். இரண்டாவதை முதலாவதால் வகுக்கும் டிரேஸ் அரித்மெடிக் வசதி அதிலேயே இருக்கிறது. வரும் கோடு ஜாலி செய்ததை மட்டும் காட்டும்.

அந்தக் கோடு 8 கிலோஹெர்ட்ஸ் வரை அரை டெசிபலுக்குள் நின்று, பிறகு மெல்லச் சரிந்தால் வேலை நன்றாக வந்திருக்கிறது. நடுவே 2 டெசிபலுக்கு மேல் பல் பல்லாக இருந்தால் இடைவெளியைக் குறையுங்கள் அல்லது ஃபோம் சேருங்கள். 30 டிகிரி பக்கவாட்டிலும் ஒரு தடவை அளந்து பாருங்கள். பிறகு ஈக்வலைசர் போடுவதை எப்போதும் ஜாலி மாட்டிய நிலையிலேயே செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பெட்டியின் முன்னால் விழா வீட்டார் ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டிவிட்டால் எல்லாம் வீண். ஃப்ளெக்ஸில் காற்றே நுழையாது, ட்ரெபிள் மொத்தமாகப் போய்விடும். பெட்டியை மறைத்தே ஆக வேண்டும் என்றால் ஊதினால் காற்று போகும் மெல்லிய நெட் துணியைக் கேட்டு வாங்குங்கள். மழையில் நனைந்த ஜாலியிலும் இதே கதைதான். சிறிய ஓட்டைகளில் தண்ணீர் படலமாக நின்றுவிடும். பெட்டியைக் குனிய வைத்துத் தட்டி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்த பிறகு ஒலி சரிபாருங்கள்.

வீட்டு ஸ்பீக்கர்

அங்கே அடிபடும் பயம் குறைவு, திறப்பு 60க்கு மேல் உள்ள 0.8 மி.மீ. தகடு போதும். ட்வீட்டரின் டோமுக்கு முன்னால் ஒட்டியே வரும் சிறிய வலையை மட்டும் பிய்க்காதீர்கள். அதையும் சேர்த்தே பல கம்பெனிகள் ட்வீட்டரை வடிவமைக்கின்றன, பிய்க்கும்போது டோம் நசுங்குவதும் வழக்கம். துணி ஜாலியில் துணியைவிட அதைத் தாங்கும் மரச்சட்டம்தான் கெடுதல். சட்டத்தின் உள்விளிம்பை 45 டிகிரி சாய்த்துச் செதுக்கினால் ட்வீட்டர் ஒலி அதில் முட்டாமல் வழுக்கிப் போகும். குழந்தையோ பூனையோ இல்லாத வீட்டில், கேட்கும்போது கழற்றிவைத்துவிட்டு முடிந்ததும் மாட்டிவிடலாம்.

சுத்தம் செய்ய வாக்குவம் கிளீனரின் மெல்லிய பிரஷ் முனை நல்லது, ஜாலியைக் கழற்றி எடுத்த பிறகு மட்டும். ஜாலி மாட்டியிருக்கும்போது ப்ளோயரால் ஊதினால் தூசி முழுவதும் கோனுக்கும் ஹார்னின் தொண்டைக்கும் போய்ச் சேரும்.